யாளி முகம் வைத்த பிரேக்

என் மாமனாருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த மோட்டார் சைக்கிள், நான் அதை விற்றுத் தொலைக்கும்வரை அவருடையதாகவே இருந்தது. பெண்ணைக் கொடுத்தார், அதோடு அவளை விட்டுவிட்டார். வண்டியைக் கொடுத்தார், அதை விடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. நான் தென்காசியில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தேன். கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடவைப்பதும், அம்மை குத்துகிறவர்கள் உண்மையிலேயே ஊருக்குள் போனார்களா என்று விசாரிப்பதும், குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கூட்டத்தில் வாந்திபேதி பரவாமல் காவல் காப்பதும் என் வேலை. அதற்கு வண்டி மிகவும் உதவியது. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உதவிக்கு நான் கொடுத்த விலை, ஆய்க்குடியிலிருந்து வாரம் தவறாமல் வந்து இறங்கும் என் மாமனார். வந்ததும் வீட்டுக்குள் நுழையமாட்டார். வாசலில் நிற்கும் வண்டியின் பெட்ரோல் டாங்கியைக் காளையின் திமிலைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டுவார். "நம்ம காளை எப்படி இருக்கு மாப்பிளே?" என்பார். அதற்குப் பிறகுதான், "பிள்ளை சௌக்கியமா இருக்காளா?" என்று தம் மகளைப் பற்றிக் கேட்பார்.

சுரண்டையில் அவருக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. அங்கே கணக்கெழுத ஒரு ரைட்டர் இருந்தார். மில்லில் அவருக்கு எழுதுகிற வேலை குறைவு. முதலாளி எதைச் சொன்னாலும், "அதான் சரி அண்ணாச்சி" என்று சொல்வதற்கே அவர் சம்பளம் வாங்கினார். முட்டாளுக்குத் துணை இல்லாவிட்டால் அவன் என்றைக்காவது தன்னைத் தானே சந்தேகப்படக்கூடும். ரைட்டர் இருந்ததால் என் மாமனாருக்கு அந்த ஆபத்து வரவேயில்லை.

ராயகிரிப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவரின் மகனுக்குத் தம் இரண்டாவது மகளைக் கொடுக்க மாமனார் ஆசைப்பட்டார். பெண்ணின் போட்டோவை அனுப்பவேண்டும் என்று தென்காசியிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தார். நானும் என் மனைவியும் ஆய்க்குடிக்குப் போயிருந்தோம். பெண்ணை எடுத்து முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தாமும் ஒரு படம் எடுத்து அனுப்பினால், சம்பந்தி எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்குத் தெரியுமே.

"மாப்பிளே, வண்டிய அந்த வேப்பமரத்துக்கு முன்னால நிறுத்துங்க. நான் ஓட்டிட்டு வாற மாதிரி இருக்கணும்."

"மண்ணு இளக்கமா இருக்கு மாமா. ஸ்டாண்டு நிக்காது. நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

"பக்கத்துல நிக்குறதுக்கு வண்டி எதுக்கு? மாட்டுப் பக்கத்துல நின்னா போதாதா?"

"அதான் சரி அண்ணாச்சி" என்றார் ரைட்டர்.

மாமனார் ஏறி உட்கார்ந்து, நேரியலை இரண்டு தோளிலும் சரிசெய்து, முகத்தைத் தூக்கி, காற்றை எதிர்த்துப் போகிறவர்போல் கண்களைச் சுருக்கினார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கியது. வண்டி நிதானமாக, ஒரு யானை படுப்பதுபோல், இடப்பக்கம் சாய்ந்தது. இடது கைப்பிடியில் இருந்த கிளட்ச் லீவர் கல்லில் மோதி ஒடிந்தது. மாமனாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அதோடு விட்டிருந்தால் ஒரு லீவரோடு போயிருக்கும். வீட்டில் அரிசி இறக்க வந்திருந்த மில் ஆட்கள் நான்கு பேர் ஓடிவந்து, நெல் மூட்டையைத் தூக்குகிற வேகத்தில் வண்டியைத் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் அது நிமிர்ந்து, நிற்காமல் அந்தப் பக்கம் போய் விழுந்தது. வலது கைப்பிடியின் பிரேக் லீவரும் ஒடிந்தது.

மாமனார் வேட்டியைத் தட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்தார். "நல்லதாப் போச்சு. ரெண்டும் சேந்து ஒடிஞ்சிட்டு. ஜோடியா வாங்கிப் போட்டுருவோம்" என்றார்.

வண்டியில் இடது லீவரை அழுத்தினால் எஞ்சின் சக்கரத்தை விடும். வலது லீவரை அழுத்தினால் முன்சக்கரம் நிற்கும். பின்சக்கரத்துக்குக் காலில் ஒரு பிரேக் உண்டு. இவ்வளவுதான் விஷயம். ஓட்டுகிறவன் கைப்பிடியை விடாமலே விரல்களை நீட்டி லீவரைப் பிடிக்க முடியவேண்டும். பிடித்தால் அது முழுவதும் வரவேண்டும். இதைவிட எளிய காரியம் உலகத்தில் குறைவு. அதை ஒரு கோயில் திருப்பணிபோல் ஆக்குவதற்கு என் மாமனாரால் மட்டும்தான் முடியும்.

வாங்குவதற்குத் திருநெல்வேலிக்குப் போனோம். அவர், நான், அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு ரைட்டர். ஜங்ஷன் அருகே மோட்டார் சாமான் விற்கிற ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத வியாபாரி. அதாவது, எது இருக்கிறதோ அதைத்தான் நாம் கேட்டோம் என்று நம்மை நம்பவைக்கிறவர். நான் வண்டியின் கைப்பிடிக் குழாயை நூலால் அளந்து கொண்டுபோயிருந்தேன். அவர் அதைப் பார்க்காமலே ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். அதன் வளையம் என் நூலைவிடப் பெரியது.

"இது ஆடும்" என்றேன்.

"உள்ள ஒரு தகரத்தச் சுத்தி மாட்டுங்க சார். மெட்ராஸ்ல எல்லாரும் அப்படித்தான் மாட்டுதாங்க."

மெட்ராஸில் எல்லாரும் தகரம் சுற்றிக்கொண்டு திரிகிறார்கள் என்பதை நான் நம்பவில்லை. அலமாரியின் அடித்தட்டில் தூசிக்குள் வேறொரு ஜோடி கிடந்தது. சாதாரண இரும்பு, மெல்லிய வளைவு. நூலுக்குச் சரியாக இருந்தது. விரல்களுக்கும் எட்டியது. அதை எடுத்து மாமனாரிடம் காட்டினேன்.

"இதா? நண்டுக் கால் மாதிரில்லா இருக்கு. இதப் பிடிச்சுக்கிட்டா ராயகிரிக்காரரு முன்னால போய் இறங்குறது?"

"இறங்குறது நீங்க. பிடிக்குறது நான் மாமா."

"வண்டியில எல்லாரும் முதல்ல பாக்குற இடம் எது? கைப்பிடி. அது லட்சணமா இருக்கணும். நம்ம ஊர்லயே வார்த்துக்கிடலாம். வாங்க."

"அதான் சரி அண்ணாச்சி" என்று ரைட்டர் குடையை விரித்தார்.

எனக்கு வந்த எரிச்சலில் அந்த ஜோடியை நானே வாங்கியிருக்கலாம் என்று இதைக் கேட்கிறவர்கள் சொல்வார்கள். மாமனார் கடையில் நின்று வேண்டாம் என்று சொன்ன பொருளை மருமகன் வாங்குவது, அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் சம்பந்தத்தை முறிக்கிற காரியம். வீட்டில் என் மனைவி, "கொஞ்சம் விட்டுப் பிடிங்க. ரெண்டு நாள்ல அப்பாவே மறந்திருவாங்க" என்றாள். அவர் மறக்கவில்லை.

தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் மண்டபத்துத் தூண்களில் யாளிகள் நிற்கும். அவற்றைப் பார்த்துவிட்டு வந்துதான் அவருக்கு அந்த ஞானம் பிறந்திருக்கவேண்டும். குத்துவிளக்கு வார்க்கிற பித்தளைப் பட்டறைக்காரர் ஒருவரைப் பிடித்தார். ஒடிந்த இரண்டு லீவர்களையும் அவர் கையில் கொடுத்து, இதே மாதிரி, ஆனால் நுனியில் யாளி முகத்தோடு வேண்டும் என்றார். பட்டறைக்காரராவது இது எதற்கு என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நாக்கு வெளிய தெரியணுமா, வாய மூடிருக்கணுமா?"

நாக்கு வெளியே தெரியவேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

வந்து சேர்ந்தபோது ஒவ்வொன்றும் உலக்கைப் பூண்போல் கனத்தது. தடித்த உடல், முட்டைக் கண், சுருண்ட பிடரி, தொங்குகிற நாக்கு. ரைட்டர் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மின்னவைத்திருந்தார். மாட்டிப் பார்த்தேன். கிளட்ச் பக்கம் என் விரல்கள் யாளியின் கழுத்தைச் சுற்றி வளையவில்லை. கடைசி இரண்டு விரல்களை அதன் வாய்க்குள் கொடுத்து இழுத்தால்தான் வந்தது. அதுவும் முழுவதும் வராது. உடலின் தடிமன் கைப்பிடியில் முட்டி நின்றுவிடும். பிரேக் பக்கம் இன்னும் மோசம். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் யாளி தன் கனத்தால் தானே தலையாட்டும்.

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு வண்டி வேண்டியிருந்தது. மெதுவாகப் போனால் சமாளிக்கலாம் என்று இரண்டு நாள் அந்தக் கோரங்களோடு ஓட்டினேன். தெருவில் பிள்ளைகள், "ஏலே, சாமி வண்டி வருதுலே!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். ஒரு கிழவி கும்பிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வந்து பின் ஸீட்டில் ஏறிக்கொண்டார். ராயகிரிக்காரர் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருக்கிறாராம். தற்செயலாகச் சந்திப்பதுபோல் போய்ச் சந்திக்கவேண்டுமாம். வழியெல்லாம் தூறல். மலை கண்ணுக்குத் தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது.

"மெதுவா போங்க மாப்பிளே. யாளி எல்லாருக்கும் தெரியணும்."

பேரருவிக்குப் போகிற பாதையோரம் எண்ணெய் தேய்க்கிறவர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெஞ்சில் கனத்த சரீரம் ஒன்று கோவணத்தோடு, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. மாமனார் என் தோளை அடித்தார்.

"அன்னா இருக்காரு! அங்கன கொண்டு நிறுத்துங்க! சரியா முன்னால!"

கிளட்சை இழுத்தேன். யாளி பாதி வந்து நின்றது. எஞ்சின் சக்கரத்தை விடவில்லை. பிரேக்கை அழுத்தினேன். மளுக்கென்று ஒரு சத்தம். யாளி என் கையோடு வந்துவிட்டது. காலை அழுத்தினேன். ஈரத் தரையில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் நகர்ந்து போய்ப் பெஞ்சின் காலைத் தட்டியது. பெரிய வேகமில்லை. ஆனால் எண்ணெய் பூசிய மனிதருக்கு வேகம் தேவையில்லை. அவர் பெஞ்சிலிருந்து கெண்டை மீன்போல் நழுவிப் போனார். அவரைத் தாங்கிப் பிடிக்கிறேன் என்று மாமனார் பின் ஸீட்டிலிருந்து பாய்ந்தார். பிடிக்க என்ன இருக்கிறது? இரண்டு பேரும் சேற்றில் கிடந்தார்கள். எண்ணெய்ச் சட்டி உடைந்து ஓடியது.

அருவிக்குப் போகிற கூட்டம் முழுவதும் நின்று பார்த்தது. பலாச்சுளை விற்கிறவள் சுளையைக் கையில் பிடித்தபடி சிரித்தாள். எனக்குப் பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

ராயகிரிக்காரர் எழுந்து நின்றார். முழங்காலில் சிராய்ப்பு. மாமனாரை அவர் அடையாளம் கண்டுகொண்டார். அதுதான் மிகப் பெரிய துரதிர்ஷ்டம்.

"இது என்ன வேய், ஆளக் கொல்லதுக்குன்னே கிளம்பி வந்தீரா?"

என் மாமனார் என்ன செய்தார் என்பதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். என் கையிலிருந்த யாளித் தலையைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினார். "சுத்தப் பித்தளைங்க. நம்ம சொந்த வார்ப்பு. மாப்பிள்ளைக்குத்தான் கையில வலு இல்ல. பேனா பிடிச்ச கை பாருங்க" என்றார்.

ராயகிரிக்காரர் அதை வாங்கவில்லை. மாமனாரையும் பார்க்கவில்லை. வண்டியில் மிச்சமிருந்த இடது யாளியையே சற்று நேரம் பார்த்தார். பிறகு தம் வேலைக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டு அருவிப் பக்கம் நடந்துவிட்டார். நான் என் வேலைப் பையில் இருந்த டிங்சர் பாட்டிலோடு பின்னால் ஓடினேன். முழங்காலைக் காட்டினார், நான் தடவி முடித்ததும் முதுகைக் காட்டினார். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது என்பது எனக்கு விளங்கியது.

திரும்பி வந்தபோது மாமனாரைக் காணவில்லை. எதிரே வந்த குதிரை வண்டியில் ஏறித் தென்காசிக்குப் போய்விட்டாராம். நான் தூறலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். வழியில் ஒரு மரத்தடியில் நின்று ஒடிந்த இடத்தைப் பார்த்தேன். லீவரைக் கைப்பிடியோடு ஆணியால் மாட்டுகிற காதுக்குள், வார்க்கும்போது காற்றுப் புகுந்து, சுண்டைக்காய் அளவு பொந்து. வெளியே மினுமினுப்பு, உள்ளே ஒன்றுமில்லை. அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்தால், மாமனார் முந்திவந்து தம் கதையைச் சொல்லி முடித்திருந்தார். என் மனைவி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"யாளி வைக்கச் சொன்னது யாருப்பா?"

"அழகுக்குத்தான பிள்ளை..."

"இவங்க தலை உடைஞ்சிருந்தா? என் தாலிக்கும் ரெண்டு யாளி வார்த்துத் தருவீங்களோ?"

மாமனார் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அங்கே ரைட்டர் இல்லை. நான் உள்ளூர மகிழ்வதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும்தான். அது ஓட்டுறதுக்கு ஆகாதுன்னு தெரியும்லா? முகத்தச் சுளிச்சுக்கிட்டே மாட்டுனா ஆச்சா? முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வலிக்குதா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாளே கைப்பிடிக் குழாயை வண்டியிலிருந்து கழற்றினேன். ஆரியங்காவுப் பக்கத்து எஸ்டேட் துரைகள் தங்கள் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் போட்டிருக்கிற கிடங்கு ஒன்று செங்கோட்டையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நூலைக் காட்டினால் கடைக்காரர்கள் மதிப்பதில்லை. இந்த முறை குழாயையே கொண்டுபோய் மாட்டிப் பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தேன்.

தென்காசி ஸ்டேஷனுக்குப் போனால் மாமனார் நிற்கிறார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. கூப்பிடாமலே வந்திருந்தார். வந்தவர் என் கையில் இருந்த குழாயைப் பார்த்ததும், பெரிய மாட்டுக் கொம்பைத் தூக்கிக்கொண்டு திரிகிற மருமகனோடு உட்காருவது கௌரவக் குறைவு என்று அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். அவருடைய கௌரவம் குற்றாலத்துச் சேற்றில் புரண்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை.

செங்கோட்டை அன்றைக்குத் திருவாங்கூர் சீமை. கிடங்குக்காரர் சாக்குகள்மேல் படுத்திருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை. காலாலேயே ஒரு மரப்பெட்டியை எங்கள் பக்கம் தள்ளினார்.

"நோக்கிக்கோங்க. எல்லாம் ஒன்னாந்தரம். சாயிப்பு கை பட்டதாக்கும்."

சாயிப்பு என்று அவர் சொன்னது வெள்ளைக்காரத் துரைகளை. பெட்டிக்குள் லீவர்கள் கருவாடுபோல் குவிந்து கிடந்தன. நான் தரையில் உட்கார்ந்து, குழாயை மடியில் வைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். சிலவற்றின் வளையம் பெரிது. சிலவற்றில் ஆணித்துளை தேய்ந்து லீவர் மேலும் கீழும் ஆடியது. சிலவற்றில் பிரேக்கை இழுக்கிற கம்பியின் நுனிக் குமிழ் உட்காருகிற பள்ளம் என் கம்பிக்குச் சேரவில்லை. எதைக் கேட்டாலும் கிடங்குக்காரர், "சாயிப்பு கை பட்டதாக்கும்" என்றார். சாயிப்பு கை பட்டுத்தான் இவ்வளவும் தேய்ந்து போயிருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மாமனார் சும்மா இருப்பாரா? பெட்டியில் கைவிட்டு, நிக்கல் முலாம் பூசிய நீளமான ஒன்றை எடுத்தார். அன்னப்பறவைக் கழுத்துபோல் வளைந்து, பளபளவென்று இருந்தது.

"மாப்பிளே, இதுக்கு என்ன கொற? இதுல யாளி கீளி ஒன்னும் இல்லயே."

நான் பேசாமல் அதைக் குழாயில் மாட்டி அவர் கையில் கொடுத்தேன். "அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். தேய்ந்த ஆணியில் லீவர் பக்கவாட்டில் சரிந்து, அவருடைய மோதிர விரலைக் குழாயோடு சேர்த்துக் கடித்தது. "எம்மா!" என்று கத்தினார்.

"சாயிப்பு கை பட்டதாக்கும்" என்றார் கிடங்குக்காரர், கண்ணைத் திறக்காமலே.

கடைசியில் கறுப்பு வர்ணம் பூசிய இரும்பு லீவர்கள் இரண்டு கிடைத்தன. ஒரே கம்பெனியுடையவை அல்ல. வலது சற்றே நீளம். ஆனால் இரண்டும் ஆடாமல் உட்கார்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினால், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. இழுத்தால் முழுவதும் வந்தன. விட்டால் திரும்பின. எடுத்து வைத்தேன்.

மாமனார் விரலை ஊதிக்கொண்டே பார்த்தார். "இதுக ஜோடியே இல்ல. ஒன்னு அக்கா, ஒன்னு தங்கச்சி மாதிரி இருக்கு. கறுப்பா வேற இருக்கு. நல்ல காரியத்துக்குப் போற வண்டி..."

"மாமா, ஓட்டுறது நான். எனக்கு இதுதான் வேணும்."

அவ்வளவுதான் சொன்னேன். சம்பந்தம் முறியவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அவர் வாயைத் திறந்தார், பக்கத்தில் ரைட்டர் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார். ஸ்டேஷன் வரை விரலை ஊதிக்கொண்டே வந்தார். இப்படி ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடக்கூடிய மனிதருக்கா இத்தனை நாள் தலையாட்டினோம் என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று மாலையே மாட்டிவிட்டேன். குற்றாலம் ரோட்டில் போய்வந்தேன். நிறுத்தவேண்டிய இடத்தில் வண்டி நின்றது. அதைப் பற்றி எழுத அதற்குமேல் ஒன்றுமில்லை. நல்ல லீவரைப் பற்றி யாரும் பேசவேண்டியிருக்காது.

மைத்துனிக்கு அடுத்த தை மாதம் சுரண்டையிலேயே மாப்பிள்ளை அமைந்தது. அமைதியான பையன். அவள் முகத்தைப் பார்த்தால் ராயகிரியை நினைத்து வருந்தியதாகத் தெரியவில்லை. கல்யாணத்தன்று பந்திக்குக் காத்திருக்கிற நேரத்தில், மாமனார் மாப்பிள்ளை வீட்டாரை என் வண்டியைச் சுற்றி நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த லீவர் இருக்கு பாருங்க, இது நானே செங்கோட்டைக்குப் போயி, பெட்டிக்குள்ள கையவிட்டுப் பொறுக்கி எடுத்தது. ஜோடி இல்ல, வேண்டாம்னுதான் மாப்பிள்ளை சொன்னாரு. நாந்தான், அழகா முக்கியம், வேல செய்யுதான்னு பாருங்கன்னேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு கொற கிடையாது."

"அதான் சரி அண்ணாச்சி" என்றார் ரைட்டர்.

தூணோரம் நின்ற என் மனைவியைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. நான் மறுத்துப் பேசவில்லை. மரியாதையால் அல்ல, பொய் சொல்கிறவரிடம் வாதாடலாம், தாம் சொல்வதைத் தாமே நம்பிவிட்டவரிடம் என்ன பேசுவது? போய்ப் பந்தியில் உட்கார்ந்து, அவியலை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

யுத்தம் தொடங்கிப் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது எனக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றலாயிற்று. மாமனாரைக் கேட்காமல் வண்டியை விற்றேன். வாங்க வந்தவர் காண்டிராக்டர். வெள்ளை ஜிப்பா, விரல்களில் நான்கு மோதிரம். லீவர்களைப் பற்றி, எஞ்சினைப் பற்றி, டயரைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. குனிந்து ஹாரனின் ரப்பர் உருண்டையை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். தெருவில் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கிடுதேன்" என்றார்.